மூளிக்கரட்டு உப்பு

அதிகம் படித்தவர்கள் ஒரு முட்டாள்தனம் செய்யக் கிளம்பினால் யாராலும் தடுக்க முடியாது. எங்கள் வீட்டில் அப்படிப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான்.

எனக்கு ஒரு பல்கலைக்கழக லேபில் வேலை. கல், மண், தண்ணீர் எதைக் கொடுத்தாலும் அது எங்கே பிறந்தது என்று சொல்கிற மெஷின் ஒன்று அங்கே உண்டு. அதை ஓட்டுகிறவள் நான். ஜனவரி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அந்த மெஷினுக்குள் போக வேண்டிய உப்புத் துண்டு ஒன்றை எடை போட்ட கையோடு கைப்பையில் வைத்து, நியூஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கிற எங்கள் அப்பார்ட்மெண்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பனிப்புயல் வருகிறது, ஒரு மணிக்குள் எல்லோரும் கிளம்புங்கள், திங்கட்கிழமை வரை கட்டடத்தில் ஹீட்டரைக் குறைத்துவிடுவோம் என்று மெயில் வந்திருந்தது. குளிரில் ஈரம் ஏறி உப்பு கசிந்துவிடுமோ என்று பயந்தேன். மாதிரிகளை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று விதி இருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்த விதியை வாசித்துக் காட்டுகிறவளும் நான்தான்.

இரண்டு புளியங்கொட்டை அளவு இருக்கும் அந்தக் கட்டி. மூன்று கிராம் சொச்சம். செம்மண் நிறம் ஏறியது. அது போனால் வேறு கிடையாது.

தாராபுரத்துக்கு மேற்கே மூளிக்கரடு என்று ஒரு குன்று. உச்சியைச் சுற்றி ஆள் உயரக் கல்மதில். ஒரு பக்கம் இடிந்து காதறுந்தாற்போல நிற்பதால் அந்தப் பெயர். மேலே குடிக்கத் தண்ணீர் இல்லை, விதைக்க மண் இல்லை. ஆனாலும் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு ஊர் இருந்திருக்கிறது. ஏன் என்ற ஒரே கேள்வியோடு பதினான்கு வருஷமாக அந்தக் கரட்டில் ஏறி இறங்குகிறவர் என் அண்ணன் நஞ்சுண்டன். கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கரட்டையே கட்டிக்கிட்டான் என்று சொந்தபந்தத்தில் கேலி.

உப்புக்காகத்தான் என்பது அண்ணனின் கட்சி. கிழக்குக் கடற்கரையிலிருந்து உமணர்கள் என்கிற உப்பு வணிகர்கள் மாட்டுவண்டிகளில் கொண்டுவந்த உப்பை, மழைக்கும் திருடனுக்கும் பயந்து அந்த மதிலுக்குள் இருப்புவைத்து, அங்கிருந்து பொதிமாடுகளில் மைசூர் மேட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பார். போன வருஷம் ஒரு பாறை இடுக்கில், அரக்கு வைத்து மூடிய ஜாடி கிடைத்தது. அடியில் உப்பு ஒட்டியிருந்தது. ஜாடிக்கு வயது இரண்டாயிரம் என்பதும் சோதனையில் தெரிந்துவிட்டது.

ஆனால் கரட்டின் குத்தகை ஒரு கல்குவாரிக்காரர் கையில் இருக்கிறது. அண்ணன் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கினார். குவாரித் தரப்போ, அது வெறும் மாட்டுப்பட்டி, உப்பு பக்கத்து உவர்மண்ணில் காய்ச்சியது, வியாபாரமும் இல்லை ஊரும் இல்லை என்றது. கிடைத்த உப்பில் பாதி, 'ஆமாம், உப்புதான்' என்று ஊரில் ஒரு லேப் சொல்லி முடிப்பதற்குள் கரைந்துபோனது. மீதிப் பாதிதான் தொல்லியல் துறையின் அனுமதிக் கடிதத்தோடு எங்கள் லேபுக்கு வந்தது. கடல் உப்பு என்று அறிக்கை போனால் கரடு பிழைக்கும். வியாழக்கிழமை வாய்தா. அன்றைக்குள் போகாவிட்டால் தடை நீங்கும், வெடி வைப்பார்கள். இவ்வளவுதான் விஷயம்.

இந்த லட்சணத்தில் அதை வீட்டில் எங்கே வைப்பது? என் பையன் க்ரிஷுக்கு ஆறு வயது. ஒரு வாரமாக இருமல். அதனால் படுக்கையறையிலும் ஹாலிலும் ஹ்யூமிடிஃபையர் ஓடிக்கொண்டிருந்தது. ஈரமில்லாத இடம் அடுப்புக்கு மேலிருந்த அலமாரி ஒன்றுதான். லேப் குப்பி சின்னது, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் அதற்குள் நுழையவில்லை. காலி ஏலக்காய் பாட்டில் ஒன்றில் கட்டியையும் பொட்டலத்தையும் போட்டு இறுக்கி மூடி, மிளகாய்த்தூளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். சபரியிடம் சொல்லவில்லை. சொன்னால் என் லேப் விதிகளை எனக்கே வகுப்பெடுப்பார்.

சபரி என் கணவர். மருந்துக் கம்பெனியில் புள்ளிவிவர நிபுணர். ஒரு மருந்து நிஜமாகவே வேலை செய்கிறதா, செய்வதாக நமக்குத் தோன்றுகிறதா என்று பிரித்துச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவர். ஆனால் பையனுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டைத் தாண்டினால் போதும், மனிதருக்குள் அவர் பிறந்த காங்கயம் எழுந்து உட்கார்ந்துவிடும். கல் உப்பும் மிளகாயும் எடுத்துத் திருஷ்டி சுற்றாமல் இருப்புக்கொள்ளாது. போன வருஷம் சுற்றின மிளகாயை அடுப்பில் போட்டு, ஃபயர் அலாரம் அலறி, மூன்று மாடி ஜனமும் பைஜாமாவோடு புல்வெளியில் வந்து நின்றது. அன்றைக்கு நான் பேசிய பேச்சில், அதற்கப்புறம் அவர் என் கண் முன்னால் உப்பைத் தொட்டதில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஞாயிற்றுக்கிழமை க்ரிஷுக்குக் காய்ச்சல் நூற்றுமூன்றரை. டாக்டர் ஆபீஸில் போனிலேயே மருந்து சொன்னார்கள். கொடுத்தோம். இரண்டு ராத்திரி தூங்காத நான் மாலையில் சோபாவிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது மணி ஐந்து. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். பாத்திரம் காயவைக்கும் தட்டில் ஏலக்காய் பாட்டில் கவிழ்த்துக் கிடந்தது. பளிச்சென்று கழுவி.

சோப்பு வாசனை வந்த அந்தப் பாட்டிலுக்குள் விரலை விட்டு நக்கிக்கூடப் பார்த்தேன்.

"டாடி டிட் த சர்க்கிள் திங், அம்மா," என்றான் க்ரிஷ் போர்வைக்குள்ளிருந்து. "டோன்ட் பீ மேட், ஓகே?"

சபரி வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் திருடனின் களை.

"இந்தப் பாட்டில்ல இருந்தது எங்கீங்க?"

"அந்த உப்பா?" என்றார். "கல் உப்பு தீர்ந்துபோச்சு ஸ்வர்ணா. தூள் உப்புல சுத்துனா எடுபடாதுன்னு அம்மா சொல்லுவாங்க. பின்னால ஒரு கட்டி கெடந்துச்சு. பாத்தா நம்மூர் உப்பாட்டமே இருந்துச்சு. உங்கம்மா குடுத்துவிட்டதோன்னு நெனச்சு..."

"எங்கே போட்டீங்க?"

"முச்சந்தில. உள்ளே போட்டா அலாரம் அடிக்கும்னுதான்."

எங்கள் அப்பார்ட்மெண்டில் முச்சந்தி என்பது கார்கள் போகிற பாதை இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் பிரிகிற இடம். ஒரு ஸ்டாப் போர்டு இருக்கும். கோட்டு போடக்கூடத் தோன்றாமல் ஓடினேன். அங்கே போய் நின்ற பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. பாதை முழுக்க உப்பு. பனி உறையாமலிருக்க லாரி வந்து அப்போதுதான் இறைத்துவிட்டுப் போயிருக்கிறது. வெள்ளையில், சாம்பலில், பழுப்பில், சின்னதும் பெரியதுமாக ஆயிரக்கணக்கில் உப்புக் கட்டிகள். மூன்று கிராம் உப்பைத் தொலைக்க நியூஜெர்சியில் இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

"எந்தப் பக்கம் போட்டீங்க?" என்று பின்னால் ஓடிவந்தவரிடம் கத்தினேன்.

"தலையைச் சுத்திப் பின்பக்கமா வீசுனேன். திரும்பிப் பாக்கக் கூடாதுல்ல..."

முட்டி போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு கட்டியாக எடுத்து போன் வெளிச்சத்தில் பார்த்தேன். சபரி டீ வடிகட்டியைக் கொண்டுவந்து பனிச்சேற்றை அள்ளி அள்ளிச் சலித்தார். நடுவில் இரண்டு கார்கள் வந்து ஹார்ன் அடித்தன. எழுந்து வழி விட்டோம். சக்கரங்கள் நறநறவென்று உப்பை அரைத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அழுதேனா என்று தெரியவில்லை. முகமெல்லாம் நனைந்திருந்தது.

மேல்மாடி வெங்கடகிருஷ்ணன் அங்கிள் நடைக்கு வந்தவர் நின்றார். சென்னைக்காரர், மகளோடு இருப்பவர்.

"என்னம்மா தேடறே? வைரத்தோடா?"

"உப்பு அங்கிள்."

அவர் பாதையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எந்த உப்பும்மா?" என்றார் மெதுவாக.

நல்ல மனிதர், அதற்குமேல் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் பெரிய டார்ச் எடுத்துவந்து, என் கைவிரல் மரத்துப்போகும் வரை வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் செம்பழுப்பாக இருந்தவை பதினொன்று தேறின. மிளகு அளவு, கடுகு அளவு. ஜிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

அந்தக் கட்டி என்ன, எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் சபரியிடம் சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்குப் போய் எட்டாயிரம் பேஷண்ட்டோட டேட்டாவை நம்பிக் குடுக்கறாங்களே," என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதக்கூடியவை இல்லை.

"சொல்லியிருந்தா தொட்டிருப்பனா ஸ்வர்ணா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பனா?"

"எப்படிக் கேக்கறது? கேட்டா சிரிப்பே."

அன்று இரவு க்ரிஷுக்குக் காய்ச்சல் இறங்கியது. மருந்து வேலை செய்தது. சபரி தெர்மாமீட்டரை எனக்குக் காட்டாமல் துடைத்து உள்ளே வைத்தார். சந்தோஷப்படக்கூட அவருக்குப் பயமாக இருந்திருக்கிறது.

திங்கட்கிழமை பதினொரு கட்டிகளையும் மெஷினில் போட்டேன். சாமி கும்பிடுகிற வழக்கமில்லாதவள், ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டேன். பதினொன்றும் அமெரிக்கச் சுரங்கத்து உப்பு. ஒன்றுகூட, ஒரு துளிகூடக் கடல் இல்லை.

வீட்டுக்கு வந்து மாலை ஏழு மணிக்கு அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே செவ்வாய்க்கிழமை விடிகிற நேரம். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லு கண்ணு. கடல் உப்புதானே?"

ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அகழாய்வுக் குழியில் ஒரு பானை ஓட்டுச் சில்லை விரல்கடை நகர்த்தி வைத்த மாணவனை மூன்று நாள் கரடேற விடாத மனிதர் அவர். 'கெடந்த எடத்துல கெடந்தாத்தான் அது சாட்சி, நகுத்துனா வெறும் ஓடு' என்பார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அண்ணா?"

"கரட்டடியிலதான் நிக்கறேன்," என்றார். "நாலு லாரி வந்து நிக்குது. வெள்ளிக்கெழமைக்குத் தயாரா இருக்கானுக." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்க ஊருக் கடையில தூத்துக்குடி உப்பு கெடைக்குமா கண்ணு?" என்றார்.

எனக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது.

"என்னங்ண்ணா பேசறீங்க?"

"அது கடல் உப்புதான். எனக்குத் தெரியும். உன்ற மெஷின் சொன்னாலும் சொல்லாட்டியும் அது கடல் உப்புதான். நாம பொய் சொல்லலை கண்ணு. இருக்கறதைத்தான் சொல்றம்." குரல் உடைந்தது. "பதினாலு வருசம். எனக்கு வேற என்ன இருக்குது சொல்லு. வீடா, வாசலா, புள்ளகுட்டியா? உன்னைய நான் இதுவரைக்கும் ஒண்ணு கேட்டிருக்கறனா?"

கேட்டதில்லை. என்னைப் படிக்கவைத்தவர் அவர். அண்ணன் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த அழுகை நான் மிளகாய்த்தூளுக்குப் பின்னால் ஒளித்துவைத்த பாட்டிலிலிருந்து வந்தது.

இந்தியக் கடை ஒன்பது மணிவரை உண்டு. பாக்கெட் இரண்டு டாலருக்கும் குறைவு. அயோடின் கலக்காததாகப் பார்த்து எடுத்தேன். கள்ளத்தனத்திலும் தொழில் சுத்தம். சபரி காரிலேயே உட்கார்ந்திருந்தார். பையில் என்ன என்று கேட்கவில்லை. பார்த்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அந்த உப்பில் மூன்று கிராம் சொச்சம் எடுத்து, தூத்துக்குடிப் பாக்கெட்டை மூளிக்கரடு என்று பெயர் எழுதி மெஷினுக்குள் வைத்தேன். எண்கள் அழகாக வந்தன. பாடப்புத்தகத்தில் போடலாம், அவ்வளவு சுத்தமான கடல். அறிக்கையில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பதினாறு வருஷ வேலையில் ஒரு புள்ளியைக்கூட நான் மாற்றியதில்லை. கையெழுத்து எப்போதும்போலத்தான் விழுந்தது. அதுதான் எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

வியாழக்கிழமை முழுக்க அண்ணன் போனை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஆறேகாலுக்கு அவரே கூப்பிட்டார். சமையலறையில் நின்றபடி எடுத்தேன்.

"என்ன ஆச்சுங்ண்ணா?"

"தடை போயிருச்சு கண்ணு."

"அறிக்கை?"

"குடுத்தாங்க. எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. ஜட்ஜய்யா படிச்சுப்போட்டு என்னைய நேராக் கூப்பிட்டாரு. 'புரொபசர், இது அந்த ஜாடில இருந்த உப்புதானே?'ன்னாரு. அவ்வளவுதான் கேட்டாரு. ஆமான்னு ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்ல வரலை."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்கதானுங்ண்ணா கேட்டீங்க! உங்களுக்காகத்தானே செஞ்சேன்! என்ற கையெழுத்து அதுல இருக்குதுங்ண்ணா. என்ற வேலை, லேப் பேரு, எங்க விசா, எல்லாம் அதுல இருக்குது. கடைசியில நீங்க மட்டும் அரிச்சந்திரனாயிட்டீங்களா?"

அவர் என்னைப் பேசவிட்டார். நான் மூச்சு வாங்கி நிறுத்திய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"உன்ற பேருக்கு ஒண்ணும் ஆவாது. ஜாடி உப்பு என்ற கையிலயே தொலைஞ்சுபோச்சு, கடை உப்பை நாந்தான் மாத்தி வெச்சு அனுப்பினேன், லேபுல இருக்கறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லிப்போட்டேன். எழுதியும் குடுத்துட்டேன்."

"அண்ணா..."

"கரட்டுக்கு ஒரு பொய் வரலை கண்ணு. உனக்குன்னதும் இது எங்கயும் நிக்காம வந்துருச்சு. எனக்கே ஆச்சரியந்தான்."

கல்லூரியிலிருந்து சஸ்பெண்ட் செய்த கடிதம் நேற்றே வந்துவிட்டதாம். இனி எங்கேயும் குழி தோண்ட அவருக்கு அனுமதி கிடையாது. பத்திரிகையில் போட்டோவோடு போட்டிருக்கிறார்களாம், போலி உப்புப் பேராசிரியர் என்று. அதையெல்லாம் யாரோ ஒருத்தரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

"நான் எழுதறேன்," என்றேன். "நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பறேன். நீங்க செய்யலை, நான் செஞ்சதுன்னு."

"எழுதுனா ரெண்டு பேரும் போவோம். கரடு திரும்பி வராது. புள்ளைய வெச்சிருக்கறவ நீ. சும்மா இரு."

சும்மா இருக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. எழுதுகிறேன் என்று மறுபடி சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அந்த நேரத்தில் என்னை நான் வெறுத்தேன். சபரி எழுந்துவந்து பக்கத்தில் நின்றார். அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அண்ணனைச் சுற்றி ஆட்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. யாரோ, "ஏனுங் சார், இன்னும் தள்ளிப் போங்" என்றார்கள்.

"எங்கே நிக்கறீங்க?"

"எதிர்த்தாப்பல ரோட்டுலதான். பயப்படாதே, கிட்டத்துல உடமாட்டாங்க. இங்கிருந்து பாத்தா மதில் முழுசாத் தெரியுது. சாயங்கால வெயில் அடிக்குது. அஞ்சு மணிக்கு மொத வெடிங்கறாங்க. போனை வெச்சர்றேன், உனக்கெதுக்கு இது," என்றார்.

"வெக்காதீங்ண்ணா."

அவர் வைக்கவில்லை. எட்டாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் விசில் ஊதினார்கள். ஒரு தடவை. இடைவெளி விட்டு இன்னொரு தடவை.

மூன்றாவது விசில் நீளமாகப் போய் நின்றதும் அண்ணன், "காதைப் பொத்திக்க கண்ணு," என்றார்.

நான் பொத்திக்கொள்ளவில்லை.